கெட்டாலும் மீனைக் கொல்லாத ஹீட்டர்

"அம்மா, தொட்டித் தண்ணி சுடுதும்மா."

மகள் வந்து எழுப்பியபோது காலை ஐந்தரை. மீனுக்குத் தீனி போடுவது அவள் பொறுப்பு. ஓடிப்போய்க் கையை விட்டுப் பார்த்தேன். குளிக்க விளாவி வைத்த தண்ணீர் போல இருந்தது. தெர்மாமீட்டர் 35.5 டிகிரி காட்டியது. நான் ஹீட்டரில் வைத்திருந்தது 27. முந்தின நாள் மதியம் உறவினர் வீட்டுக்குக் கிளம்பி, இரவு பதினொரு மணிக்குத் திரும்பி, கூடத்து விளக்கைக்கூடப் போடாமல் படுத்துவிட்டோம். கிளம்பிய நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் பதினேழு மணி நேரத்துக்கும் மேல். அத்தனை நேரமும் ஹீட்டர் அணையவே இல்லை.

மீன்களில் கோரிடோராஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரம்மிநோஸ் டெட்ரா கூட்டம் முழுவதும் போயிருந்தது. ஆறு ஏஞ்சலில் நான்கு. ஐந்து க்ளவுன் லோச்சில் இரண்டு. அந்த லோச்சுகள் விரல் நீளத்தில் வந்தவை. பதினோரு வருடம் எங்களோடு இருந்தவை. மிச்சமிருந்த மூன்றும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

வெப்பத்தைவிட மூச்சுத்திணறல்தான் முதலில் கொல்கிறது. 27 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 35 டிகிரியில் அது 7 ஆகிவிடும். மீனுடைய உடலோ அதே நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்ஸிஜன் கேட்கும். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவும் கூடுதலாகக் கேட்கும். இரவில் செடிகளும் ஆக்ஸிஜனைத் தருவதற்குப் பதில் எடுத்துக்கொள்ளும். அதனால் நான் முதலில் செய்தது பிளக்கைப் பிடுங்கி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன்கள் இரண்டைப் போட்டது. பிறகு மூடியை எடுத்துவிட்டு, மேசை மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வைத்தேன். ஐஸ் போடவில்லை. சூட்டில் தவித்த மீனைச் சட்டென்று குளிர வைத்தால் அது இன்னோர் அதிர்ச்சி. மாலைக்குள் 29க்கு வந்தது.

ஹீட்டரைக் காயவைத்துப் பிரித்துப் பார்த்தேன். 500 வாட் கண்ணாடி ஹீட்டர், ஒன்றே ஒன்று. உள்ளே இருந்தது பழைய வகைத் தெர்மோஸ்டாட்: இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை சூட்டில் வளைந்து, இரண்டு சின்னத் தொடுமுனைகளைப் பிரிக்கும், குளிர்ந்ததும் மறுபடி சேர்க்கும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஒரு பொறி பறக்கும். நாளுக்குப் பல முறை, மாதக்கணக்கில் அப்படிப் பொறி பறந்து பறந்து, முனைகள் கருகி, கடைசியில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. ஊசியால் நெம்பித்தான் பிரிக்க முடிந்தது.

நான் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நுண்ணுயிர் வளர்க்கிற இன்குபேட்டர்களோடுதான் என் பகல் கழிகிறது. அந்தப் பெட்டிகளில் 37 டிகிரியைப் பிடித்து வைக்க ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. அது கெட்டுப்போனால் மின்சாரத்தை வெட்டிவிட, ஓரிரு டிகிரி மேலே வைத்த இன்னொரு தெர்மோஸ்டாட்டும் உண்டு. முதலாவது என்றைக்காவது கெடும் என்று ஒத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டியையே வடிவமைத்திருக்கிறார்கள். தினமும் அதைத் தொட்டுப் பழகிய நான், வீட்டில் உயிரோடு நீந்துகிறவற்றை ஒரே ஒரு தொடுமுனையின் பொறுப்பில் விட்டிருந்தேன். இந்த எண்ணம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஹீட்டர் வாங்குவதைப் பற்றிச் சரியாக யோசிக்கத் தொடங்கினேன். அதுவரை எல்லாரையும் போல, "எந்தக் கம்பெனி ஹீட்டர் கெடாது?" என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கம்பெனி ஹீட்டரும் கெடும். நல்ல பெயர் எடுத்த கம்பெனியும் தவறும்: 2011இல் அமெரிக்காவில் மரைன்லேண்ட் ஸ்டெல்த் வகை ஹீட்டர்கள் சுமார் 12 லட்சம் திரும்பப் பெறப்பட்டன, வயரிங் கோளாறால் சூடேறி உடையலாம், தீப்பிடிக்கலாம் என்பது காரணம். ஹீட்டர் இரண்டு விதமாகக் கெடும். எரியாமல் கெடலாம், அணையாமல் கெடலாம். எரியாமல் போனால் பெரிய தொட்டி மெல்லத்தான் குளிரும். கவனிக்க அவகாசம் இருக்கும். அணையாமல் போவதுதான் எமன்.

முதலில் எத்தனை வாட் வேண்டும் என்று பார்ப்போம். இங்கேதான் பெரிய தொட்டி வைத்திருக்கிறவர்கள் தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். லிட்டருக்கு ஒரு வாட் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு சின்னத் தொட்டிக்குச் சரி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் தண்ணீர் எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். அதாவது பெரிய தொட்டி லிட்டருக்கு லிட்டர் பாதி வெப்பத்தைத்தான் இழக்கிறது.

பொதுக் கணக்கை நம்பாமல் உங்கள் தொட்டியையே கேட்கலாம். என் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப்படி 680 லிட்டர். மணல், கட்டை, மேலே விட்ட இடைவெளி போக 600 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 600 லிட்டருக்கு 2,520 கிலோஜூல், மின்கணக்கில் 0.7 யூனிட், அதாவது 700 வாட்-மணி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, குளிரான ஒரு மாலையில் அறை 20 டிகிரி, தண்ணீர் 27 டிகிரி இருக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பம்ப், மூடி எல்லாம் வழக்கம்போல. தண்ணீர் அரை டிகிரி இறங்கியது. மணிக்குக் கால் டிகிரி. 700இல் கால் பங்கு என்றால் 175 வாட். ஏழு டிகிரி வித்தியாசத்துக்கு 175 வாட் இழப்பு. ஒரு டிகிரிக்கு 25 வாட். இதற்குப் பத்தில் ஒரு பங்கு டிகிரி காட்டும் தெர்மாமீட்டரும் பொறுமையும் போதும். அரை டிகிரி இறக்கம் மீனுக்கு ஒன்றும் செய்யாது.

என் அறை மிகக் குளிரும்போது 15 டிகிரிக்கு இறங்கும். தண்ணீரோடு 12 டிகிரி வித்தியாசம். 300 வாட் வேண்டும். கொஞ்சம் கூட்டி 400. லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் 600 வாங்கியிருப்பேன். 500 வாங்கியதே அதிகம் என்று அன்றுதான் புரிந்தது.

அந்த 400ஐ இரண்டு 200 வாட் ஹீட்டர்களாகப் பிரித்தேன். ஒன்று எரியாமல் போனால், மிச்சம் இருக்கும் 200 வாட் அறையைவிட எட்டு டிகிரி மேலே தண்ணீரைப் பிடித்து வைக்கும். கொடுங்குளிரிலும் 23. ஏஞ்சலும் லோச்சும் சில நாள் தாங்கும். ஒன்று அணையாமல் போனாலும் அதே எட்டு டிகிரிதான். அறை 20 இருந்தால் தண்ணீர் 28இல் நின்றுவிடும். மீனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பழைய 500 வாட் என்றால் அறையைவிட இருபது டிகிரி மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

ஆனால் இரண்டு ஹீட்டர் வைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அறையே 30 டிகிரி இருக்கும் மாதங்களில் அந்த எட்டு டிகிரி 38இல் கொண்டுபோய் விடும். என் மீன்கள் செத்ததும் குளிர்காலத்தில் அல்ல. அறை 27 இருந்த நாளில், ஹீட்டரே தேவைப்படாத நாளில். வெயில் மாதங்களில் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். "தெர்மோஸ்டாட் இருக்கே, தானா அணைஞ்சிடும்" என்று விட்டுவைக்காதீர்கள். இருந்தாலும், 200 வாட் 600 லிட்டரை ஒரு டிகிரி ஏற்றக் குறைந்தது மூன்றரை மணி நேரம் எடுக்கும். ஒரு நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு எரிந்தாலும் நாலைந்து டிகிரிதான் ஏறும். சின்ன ஹீட்டரில் கிடைப்பது இந்த அவகாசம்தான்.

அடுத்தது கன்ட்ரோலர். இன்குபேட்டரில் பார்த்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டைத் தொட்டிக்குக் கொண்டுவருவது இதுதான். சுவர் பிளக்குக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு சென்சார் வயர் தண்ணீருக்குள். இங்க்பேர்ட் மாதிரித் தயாராகக் கிடைப்பதும் உண்டு. எஸ்டிசி-1000 மாதிரி வெறும் கருவியை வாங்கி வயரிங் தெரிந்தவரிடம் கொடுத்துப் பெட்டிக்குள் பொருத்திக்கொள்வதும் உண்டு. கன்ட்ரோலரை 27இல் வைத்தேன். ஹீட்டர்களின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 28.5இல் வைத்தேன். தினசரி ஏற்றி அணைக்கும் வேலை கன்ட்ரோலருடையது. ஹீட்டரின் தொடுமுனை எப்போதும் சேர்ந்தபடியே சும்மா இருக்கும். பொறி பறக்காது, தேயாது. கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வெட்டும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால், 28.5இல் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் வெட்டும். ஒரு ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால், 27இல் கன்ட்ரோலர் வெட்டும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாக வேண்டுமானால் இரண்டும் ஒரே நேரத்தில் கெட வேண்டும்.

சில விஷயங்களை அனுபவத்தில் கற்றேன். ஏற்றுவதற்கும் அணைப்பதற்கும் இடையில் அரை டிகிரியாவது இடைவெளி விடுங்கள். பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் ரிலே நாள் முழுக்க டிக் டிக் என்று அடித்துக்கொண்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். மேலே ஒன்றரை டிகிரி, கீழே ஒரு டிகிரி தாண்டினால் கத்துகிற அலாரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சென்சாரை வெறும் சக்ஷன் கப்பில் நம்பி விடாதீர்கள். ரப்பர் சில மாதத்தில் இறுகிப்போய் விடும். சென்சார் நழுவி வெளியே விழுந்தால் அறையின் குளிரை அளந்துகொண்டு ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். நான் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, தொட்டியின் விளிம்பில் கிளிப் போட்டு, தண்ணீரில் பாதி ஆழத்துக்கு இறக்கியிருக்கிறேன்.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே ஃபில்டருக்காக இன்னொரு சின்னத் தொட்டி, வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஹீட்டர் சம்ப்பில், சென்சார் மேலே தொட்டியில் என்று வைக்காதீர்கள். தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நின்றுபோனால் தொட்டி குளிரும். சென்சார் "இன்னும் எரி" என்று சொல்லும். சம்ப்பில் இருக்கிற கொஞ்சத் தண்ணீர் வெந்துபோகும். ஹீட்டர் எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ, சென்சாரும் அதே தண்ணீரில்.

எந்த வகை ஹீட்டர் என்பது எனக்கு இதற்கெல்லாம் அடுத்துத்தான். பைமெட்டல் தெர்மோஸ்டாட், அதாவது முன்பு சொன்ன இரட்டை உலோகப் பட்டை, உள்ள கண்ணாடி ஹீட்டர், கன்ட்ரோலரோடு சேர்ந்தால் போதுமானது. ஈஹைம் யேகரில் பிடித்தது, அளவு தவறினால் நாமே திருத்திக்கொள்ள ஒரு வளையம் இருப்பது. திரையில் எண் காட்டும் எலக்ட்ரானிக் ஹீட்டர்கள் துல்லியமானவை. ஆனால் உள்ளே ட்ரையாக் என்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச் இருந்தால், அது கெடும்போது பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே கெடும். அதனால் துல்லியத்தைப் பார்த்துப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். டைட்டானியம் உடையாது. ஆஸ்கர் போன்ற பெரிய சிக்லிட் வைத்திருக்கிறவர்களுக்கு அதுதான் சரி. வால் அடித்தே கண்ணாடியை உடைத்துவிடும் மீன்கள் அவை. கடல்நீருக்கும் நல்லது. ஆனால் ஷேகோ போன்ற பல டைட்டானிய ஹீட்டர்களுக்குச் சொந்தத் தெர்மோஸ்டாட் கிடையாது. அவற்றை ஒரே கன்ட்ரோலரில் போட்டால் மறுபடி ஒரே தொடுமுனையை நம்புகிற கதைதான். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கன்ட்ரோலர், இரண்டாவது ஒன்றரை டிகிரி மேலே. அதற்கு மனம் இல்லையென்றால் டைட்டானியம் வேண்டாம் என்பேன். உலோக உடல் என்பதால் எர்த் வயர் உள்ள மூன்று முனை பிளக்கா என்றும் பாருங்கள்.

தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் குழாயில் பொருத்தும் இன்லைன் ஹீட்டர் பார்வைக்கு அழகு. தொட்டிக்குள் எதுவும் தெரியாது. ஃபில்டர் அடைத்து ஓட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தால் நான் போடவில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று இருந்தேன். அன்று காலை நான் பிளக்கைப் பிடுங்காமல் கையை விட்டது பெரிய தவறு. விரிசல் விட்ட ஹீட்டர் தண்ணீருக்குள்ளேயே மின்சாரத்தைக் கசியவிடும். மீன்கள் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருக்கும். தரையில் நின்றுகொண்டு கையை விடும் நமக்குத்தான் ஷாக். தொட்டிக்குப் போகும் மின்சாரம் முழுவதும், மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் வெட்டிவிடும் ஆர்சிசிபி என்கிற சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். வயர் பிளக்குக்கு நேராக இறங்காமல், கீழே ஒரு வளைவு விட்டு மேலேறிச் செல்ல வேண்டும்; வழிந்து வரும் துளி வளைவிலேயே சொட்டிவிடும். இப்போது மகளுக்கும் ஒரே விதி: பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை.

ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் தண்ணீர் மாற்றும் நாளில். பாதித் தண்ணீர் வெளியேறியதும் ஹீட்டர் காற்றில் எரிந்து பழுக்கும். புதுத் தண்ணீர் பட்டதும் படீர். அதனால் ஹீட்டரை நிமிர்த்தி மாட்டாமல் அடிப்பக்கம் படுக்கைவாட்டில் மாட்டியிருக்கிறேன், மணலில் புதையாமல். தண்ணீர் எடுக்கும் முன் பிளக்கைக் கழற்றி இருபது நிமிடம் காத்திருப்பேன். இரண்டு ஹீட்டர்களில், ஃபில்டரின் தண்ணீர் வந்து விழும் வழியில் ஒன்று, எதிர்மூலையில் ஒன்று. ஆறடித் தொட்டியில் ஓட்டம் இல்லாத மூலை தனியாகக் குளிர்ந்து நிற்கும். ப்ளெக்கோ மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும் மீன்கள் இருந்தால் ஹீட்டரின் மேல் ஒரு வலைக்கூடு போடுங்கள். சூடான கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வயிறு வெந்த மீனைப் பார்த்திருக்கிறேன்.

தெர்மாமீட்டர் பொய் சொன்னால் இத்தனையும் வீண். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, சில நிமிடம் கழித்து அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். என்னிடம் இருந்த மூன்றில் ஒன்று 1.2 காட்டியது. அதைத் தூக்கிப் போட்டேன். கன்ட்ரோலரில் அளவைத் திருத்தும் வசதி இருந்ததால் சென்சாரையும் இதே முறையில் சரிசெய்தேன்.

புது ஹீட்டரை நேரே தொட்டியில் போடுவதில்லை. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஓடவிட்டு, அளவில் அணைகிறதா, மறுபடி எரிகிறதா, உள்ளே ஈரம் கோர்க்கிறதா என்று பார்ப்பேன். தேறினால் பிளக்கில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மாட்டிய தேதியை எழுதுவேன். மூன்று வருடத்துக்கு மேல் எதையும் விட்டுவைப்பதில்லை. சோதித்த ஒன்று எப்போதும் அலமாரியில் தயாராக இருக்கும்.

போன குளிரில் ஒரு மாலை அலாரம் அடித்தது. தண்ணீர் 26. அறை 17. கன்ட்ரோலர் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது, மற்றது இருட்டு. எப்போது போனதோ தெரியாது, முந்தின இரவாக இருக்கலாம். மூன்று லோச்சுகளும் கட்டைக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வழக்கம்போலப் படுத்திருந்தன. பிளக்கைக் கழற்றினேன். டேப்பில் இருந்த தேதிப்படி இரண்டு வருடம் நான்கு மாதம் உழைத்திருந்தது. அலமாரியிலிருந்து புதியதை எடுத்து மாட்டி, அதன் சூடு தண்ணீரோடு ஒன்றுவதற்கு அரை மணி நேரம் விட்டு, பிளக்கைச் செருகினேன். இரவு படுக்கப் போகும் முன் 26.4. மகள் டேப்பையும் பேனாவையும் கொண்டுவந்தாள்.